பிஎன்_செட்_ஃபிளாக்ஸ் போட்ட பிறகும் கையெழுத்து நேரம் ஆடுகிறது: ஃபிளாக் எங்கே காணாமல் போகிறது?

தெம்பனிஸ்_சி (கேள்வி)

வணக்கம். சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளின் டிஜிட்டல் பூட்டுகளை இணைக்கும் சின்ன கேட்வே ஒன்றுக்கான சி நிரல் இது. லினக்ஸ், ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க நூலகம்) 1.1.1. 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி. சைபர் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் 4ஆம் நிலைக்கு அனுப்பும் முன் ரகசிய எண் தொடும் இடங்களையெல்லாம் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். கையெழுத்துப் பகுதி நேரடியாகப் பெரிய எண் ஃபங்ஷன்களைக் கூப்பிடுகிறது. சுருக்கமாக அது இப்படி:

டி = பிஎன்_பின்2பிஎன்(பஃபர், 256, நல்);
பிஎன்_செட்_ஃபிளாக்ஸ்(டி, பிஎன்_எஃப்எல்ஜி_கான்ஸ்ட்டைம்);
டெம்ப் = பிஎன்_சிடிஎக்ஸ்_கெட்(சிடிஎக்ஸ்);
பிஎன்_காப்பி(டெம்ப், டி);
பிஎன்_மாட்_இன்வர்ஸ்(ஆர்_தலைகீழ், ஆர், என், சிடிஎக்ஸ்);
பிஎன்_மாட்_எக்ஸ்ப்(விடை, எம், டெம்ப், என், சிடிஎக்ஸ்);

'டி' ரகசிய அடுக்கு, 'எம்' செய்தி, 'என்' மாடுலஸ் (வகுக்கும் எண்). 'ஆர்' என்பது செய்தியை மறைப்பதற்காக ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்கும் ரேண்டம் எண். கான்ஸ்ட்டைம் ஃபிளாக், ரகசியத்தைப் பொறுத்து நேரம் மாறாத வழியில் கணக்கிடச் சொல்லும் குறி. மூன்று சிக்கல்கள்.

முதலாவது, ஃபிளாக் போட்டும் பயனில்லை. ஒரே செய்தியை வெவ்வேறு சாவிகளால் கையெழுத்திட்டால் நேரம் சாவிக்குச் சாவி மாறுகிறது. ஃபிளாக் வரியை எடுத்துவிட்டு அளந்தாலும் அதே படம்தான்.

இரண்டாவது, ஃபிளாக் விழுந்ததா என்று பார்க்க இப்படி எழுதினேன்:

இஃப் (பிஎன்_கெட்_ஃபிளாக்ஸ்(டி, பிஎன்_எஃப்எல்ஜி_கான்ஸ்ட்டைம்) == 1)

இது ஒருமுறைகூட உண்மையாகவில்லை, டி மேல் போட்ட அடுத்த வரியிலேயே கேட்டாலும்.

மூன்றாவது, யூனிட் டெஸ்ட். 7இன் 13ஆம் அடுக்கை 100ஆல் வகுத்தால் மீதி 7. ஃபிளாக் இல்லாமல் சரியாக 7 வருகிறது. 13இன் மேல் ஃபிளாக் போட்டால் பிஎன்_மாட்_எக்ஸ்ப் 0 திருப்புகிறது. விடை அல்ல, ஃபங்ஷனே தோல்வி என்கிறது.

ஃபிளாக் உண்மையில் என்ன செய்கிறது, யார் அதைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

உட்லண்ட்ஸ்_பிட்

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அது எளிது. மற்ற இரண்டுக்கும் கதவு அங்கேதான் திறக்கிறது.

பெரிய எண் என்பது ஐந்து உறுப்பு கொண்ட ஒரு ஸ்ட்ரக்ட்: இலக்கங்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு பாயின்டர், எத்தனை வேர்டு பயனில் உள்ளது, எத்தனை வேர்டுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது, குறி எதிர்மறையா, கடைசியாக ஃபிளாக்ஸ் என்ற ஒரு முழு எண். அந்த ஃபிளாக்ஸில் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு பொருள். ஹெக்ஸில் 01 என்றால் ஸ்ட்ரக்டே மாலாக் செய்யப்பட்டது. 02 என்றால் இலக்கங்கள் நிலையான மெமரியில் உள்ளன, விடுவிக்கக் கூடாது. 04 கான்ஸ்ட்டைம். 08 செக்யூர், அதாவது இலக்கங்கள் பாதுகாக்கப்பட்ட மெமரியில் உள்ளன.

பிஎன்_செட்_ஃபிளாக்ஸ் செய்வது ஒரே ஒரு வரி வேலை: ஃபிளாக்ஸ் |= நீங்கள் கொடுத்தது. பிஎன்_கெட்_ஃபிளாக்ஸும் அப்படித்தான்: ஃபிளாக்ஸ் & நீங்கள் கேட்டது. அதனால் கான்ஸ்ட்டைம் இருந்தால் 4 வரும், 1 வராது. 1உடன் ஒப்பிட்டால் எந்நாளும் பொய்தான். 0 இல்லையா என்று மட்டும் பாருங்கள்:

இஃப் (பிஎன்_கெட்_ஃபிளாக்ஸ்(டி, பிஎன்_எஃப்எல்ஜி_கான்ஸ்ட்டைம்) != 0)

இரண்டு ஃபிளாக்குகளைச் சேர்த்துக் கேட்கும்போது இதுவும் போதாது. 04ஐயும் 08ஐயும் சேர்த்துக் கேட்டு 0 இல்லை என்றால், இரண்டில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டுமே பொருள். இரண்டும் வேண்டுமென்றால் திரும்பி வரும் மதிப்பு கேட்ட மதிப்புக்குச் சமமா என்று பாருங்கள்.

செட் செய்வது பிட்டைச் சேர்க்க மட்டும்தான். எடுப்பதற்குப் பொது ஃபங்ஷன் கிடையாது. 0 கொடுத்துக் கூப்பிட்டால் அழிந்துவிடும் என்று நினைத்து எழுதிய நிரல்களைப் பார்க்க முடிகிறது. 0ஐ ஆர் செய்தால் எதுவும் மாறாது. 1.1.0இலிருந்து ஸ்ட்ரக்டின் உள்ளும் மூடப்பட்டுவிட்டது, கையால் தொட வழியில்லை. ஃபிளாக் இல்லாத எண் வேண்டுமென்றால் புதிதாக ஒன்று உருவாக்கி மதிப்பை அதற்கு மாற்றுங்கள்.

இனி முதல் கேள்வி. ஃபிளாக் ஒட்டியிருப்பது அந்த எண்ணின் மதிப்போடு அல்ல, அந்தப் பொருளோடு. மதிப்பு வேறொரு பொருளுக்குப் போகும்போது ஃபிளாக் கூடவே போகும் என்று எண்ணுவதில்தான் பிசகு. உங்கள் நிரலில் ஃபிளாக் டி மேல் இருக்கிறது. அடுக்கேற்றுக்கு (பிஎன்_மாட்_எக்ஸ்ப்) போவதோ டெம்ப். பிஎன்_காப்பி இலக்கங்களையும் குறியையும் எடுத்துப் போகிறது, 1.1.1இல் கான்ஸ்ட்டைமை எடுத்துப் போவதில்லை. பிஎன்_சிடிஎக்ஸ்_கெட் தரும் எண்ணும் வெறுங்கையோடுதான் வருகிறது: முன்பு அந்த இடத்தைப் பயன்படுத்தியவர் விட்டுப்போன கான்ஸ்ட்டைமை அது துடைத்துவிட்டே தருகிறது. ஆக டெம்ப் மேல் ஃபிளாக் எந்தக் கணத்திலும் இருந்ததில்லை. வரியை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அளவீடு ஒரே மாதிரி வருவதற்குக் காரணம் இதுதான்.

இதே பிழை ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குள்ளேயே பல ஆண்டுகள் கிடந்தது. இந்த ஃபிளாக் 2005இல் வந்தது. டிஎஸ்ஏ என்ற இன்னொரு கையெழுத்து முறையில் ஒருமுறை மட்டும் பயன்படும் ரகசிய எண் 'கே' மேல் அதைப் போட்டார்கள். பிறகு நீளத்தை மறைக்க 'கே'யை 'கேகியூ' என்ற இன்னொரு எண்ணுக்குக் காப்பி செய்து, அதோடு கியூ என்ற பொது எண்ணைக் கூட்டி, 'கேகியூ'வை அடுக்காகக் கொடுத்தார்கள். ஃபிளாக் 'கே'யிலேயே நின்றுவிட்டது. 2016இல்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2016-2178. கண்டுபிடித்த ஆய்வாளர்கள் கேஷ் (பிராசசரின் வேக மெமரி) நேரத்தைக் கவனித்து, ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் ஒன்றின் 1024/160 பிட் டிஎஸ்ஏ சாவியை 260 ஹேண்ட்ஷேக்குகளில் எடுத்துக் காட்டினார்கள். எஸ்டனல் சர்வரின் 2048/256 பிட் சாவிக்கு 580 ஆனது. திருத்தம் ஃபிளாக் வரியைச் சரியான எண்ணின் மேல் நகர்த்தியதுதான்.

உங்களுக்கும் அதேதான். காப்பி செய்த அடுத்த வரியில்:

பிஎன்_செட்_ஃபிளாக்ஸ்(டெம்ப், பிஎன்_எஃப்எல்ஜி_கான்ஸ்ட்டைம்);

அதைவிட நல்லது, டெம்ப்பே வேண்டாம். பிஎன்_மாட்_எக்ஸ்ப் அடுக்கை மாற்றுவதில்லை. டியை நேரடியாகக் கொடுங்கள். ரகசியத்தின் நகல் ஒன்று குறைந்தால் துடைக்க வேண்டிய இடமும் ஒன்று குறையும்.

புக்கிட்_பாத்தோக்_மாட்

மேலே சொன்னது அத்தனையும் சரி. மூன்றாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிஎன்_மாட்_எக்ஸ்ப் உள்ளே நுழைந்ததும் முதலில் பார்ப்பது மாடுலஸ் ஒற்றையா இரட்டையா என்று. ஒற்றை என்றால் மான்ட்கோமரி வழி. இரட்டை என்றால் ரெசிப்ரோக்கல் வழி. இரண்டும் மீதி காணும் கணக்கை வேகமாக்கும் முறைகள். நேரம் மாறாத வடிவம் எழுதப்பட்டிருப்பது மான்ட்கோமரிக்கு மட்டும். ரெசிப்ரோக்கல் ஃபங்ஷன் ஃபிளாக்கைப் பார்த்ததும் "இங்கே என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாது" என்ற பிழையை எர்ரர் வரிசையில் போட்டு 0 திருப்புகிறது. 100 இரட்டை எண். அவ்வளவுதான் விஷயம். சரியான நடத்தையும்கூட: பாதுகாப்பாகச் செய்ய முடியாததைச் சத்தமில்லாமல் வேறு வழியில் செய்து தருவதைவிட மறுத்துவிடுவது எவ்வளவோ மேல்.

டெஸ்ட்டில் 100க்குப் பதில் 101 வையுங்கள். 7இன் 13ஆம் அடுக்கு, மாடுலஸ் 101, விடை 75. ஃபிளாக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 வர வேண்டும். ஆனால் 100 வைத்த டெஸ்ட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஃபிளாக் போட்டால் 0 திரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்கும் டெஸ்ட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாக் அந்த ஃபங்ஷன் வரை உயிரோடு போய்ச் சேர்ந்தது என்பதற்கு அது நேரடிச் சான்று.

திரும்பி வரும் மதிப்பைப் பார்க்காமல் விட்டால் இங்கே ஆபத்து. தோல்வியானபோது விடை என்ற எண்ணில் முன்பிருந்த ஏதோ கிடக்கும். அதையே கையெழுத்து என்று அனுப்பிவிடும் நிரல். ஒவ்வொரு பிஎன் கூப்பிடலுக்கும் 1 வந்ததா என்று பாருங்கள், விதிவிலக்கே வேண்டாம்.

இன்னொன்று கேள்வியில் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் ஆறு வரிகளில் எனக்கு அதிகம் உறுத்துவது அதுதான்: பிஎன்_மாட்_இன்வர்ஸ் வரி. ஆர் ரகசியம். 'ஆர்' மேலும் ஃபிளாக் இல்லை, 'என்' மேலும் இல்லை. ஃபிளாக் இல்லாமல், மாடுலஸ் ஒற்றையாகவும் 2048 பிட்டுக்குள்ளும் இருந்தால் இந்த ஃபங்ஷன் பைனரி யூக்ளிட் முறையை எடுக்கிறது. அது இரண்டால் வகுபடுகிறதா, இதில் எது பெரியது என்று படிக்குப் படி கிளை பிரிந்து போகும் முறை. எந்தக் கிளையில் எத்தனை முறை போனது என்பதைக் கேஷ் வழியாகப் பார்ப்பவர் ஆரைத் திரும்பக் கட்டலாம். ஆர் தெரிந்துவிட்டால் மறைப்பு போயிற்று. அடுக்கேற்றுக்குள் எந்த எண் போகிறது என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். உங்கள் சாவி சரியாக 2048 பிட், எல்லைக்குள்தான் விழுகிறது. 'ஆர்' அல்லது 'என்', இரண்டில் ஒன்றின் மேல் கான்ஸ்ட்டைம் இருந்தாலே கிளை இல்லாத வடிவத்துக்குப் போகும். ஆர் எடுத்த உடனே போட்டுவிடுங்கள்.

2018இல் வந்த சிவிஇ-2018-0737 இந்த ரகம்தான். ஆர்எஸ்ஏ சாவி உருவாக்கத்தில் பிஎன்_மாட்_இன்வர்ஸுக்கும் பிஎன்_மாட்_எக்ஸ்ப்புக்கும் போகும் எண்களில் ஃபிளாக் விடுபட்டிருந்தது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை ஓடும் நிரல்தானே என்று விட்டால்கூடக் கேஷைப் பார்ப்பவருக்குச் சாவி கிடைக்கும் அளவுக்குக் கசிந்தது.

ஃபிளாக் விடைக்கும் தொற்றாது என்பதையும் மனத்தில் வையுங்கள். ஃபிளாக் உள்ள இரண்டு எண்களைப் பெருக்கினால் வரும் விடையில் ஃபிளாக் இருக்காது. சிஆர்டி (அடுக்கேற்றை இரண்டு சிறிய கணக்குகளாகப் பிரிக்கும்) முறையில் எம்1, எம்2, அவற்றின் வித்தியாசம், எச் என்று நீளும் இடைநிலை எண்கள் அத்தனையும் ரகசியம். அவற்றில் எது மாட்_எக்ஸ்ப்புக்கோ இன்வர்ஸுக்கோ மறுபடி உள்ளீடாகப் போகிறதோ அதன் மேல் தனியாகப் போட வேண்டும். கூட்டலும் பெருக்கலும் இந்த ஃபிளாக்கைப் பார்த்து வழி மாற்றுவதில்லை. அங்கே போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்.

அப்புறம், ஃபிளாக் நீளத்தை மறைக்காது. நேரம் மாறாத அடுக்கேற்று அடுக்கின் பிட்டுகளை நிலையான அகலச் சன்னல்களாக வெட்டி நடக்கிறது. 937 பிட்டுக்கு மேல் என்றால் பொதுவான வழியில் சன்னல் 6 பிட், ஆக 64 பதிவுகள் கொண்ட அட்டவணை; ஒவ்வொரு முறையும் அட்டவணை முழுவதையும் தொட்டு, வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்கிறது. புதிய பதிப்புகளில் எத்தனை பிட் என்பதை எண்ணின் மேல்பிட்டை வைத்துக் கணக்கிடாமல் வேர்டுகளின் எண்ணிக்கையை ஒரு வேர்டின் பிட் அளவால் (64 பிட் கணினியில் 64) பெருக்கி எடுக்கிறார்கள். ஆனால் அந்த வேர்டு எண்ணிக்கையே மதிப்பைப் பொறுத்தது. உங்கள் டி 2048 பிட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், அதனால் பெரிய கவலையில்லை. டிஎஸ்ஏவின் 'கே' போன்ற சிறிய ரகசியங்களில் இது கொல்லும். அங்கே கியூவை ஒருமுறையோ இருமுறையோ கூட்டி, பிட் நீளம் எப்போதும் ஒன்றாக இருக்கும்படி செய்வது அதற்காகத்தான்.

தெம்பனிஸ்_சி

இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. டெம்ப்பை எடுத்துவிட்டு டியை நேரடியாகக் கொடுத்தேன், ஆர் மேலும் போட்டேன். சாவிக்குச் சாவி வந்த வித்தியாசம் படிந்துவிட்டது. 100 வைத்த டெஸ்ட்டையும் திருப்பி எழுதிவிட்டேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். டியை மெமரி டம்ப்பில் சிக்காமல் வைக்க பிஎன்_செட்_ஃபிளாக்ஸ்(டி, பிஎன்_எஃப்எல்ஜி_செக்யூர்) என்று ஒரு வரி சேர்த்தால் போதுமா? வேறொரு கோப்பில் சாவி ஆர்எஸ்ஏ பொருளுக்குள் இருக்கிறது. ஆர்எஸ்ஏ_கெட்0_கீ தருவது கான்ஸ்ட் பாயின்டர், அதன் மேல் செட் செய்ய கம்பைலர் விடவில்லை. காஸ்ட் செய்து போட்டுவிடலாமா?

செங்காங்_ஹீப்

தம்பி, முதலாவதுக்கு என் பதில் 'போதாது', இரண்டாவதுக்கு 'வேண்டாம்'. ஏன் என்று சொல்கிறேன்.

கான்ஸ்ட்டைம் என்பது இனிமேல் இப்படி நடந்துகொள் என்ற குறிப்பு. செக்யூர் என்பது இந்த இலக்கங்கள் இங்கே இருக்கின்றன என்ற பதிவு. பிட்டை மட்டும் போட்டால் இலக்கங்கள் இடம் மாறாது. பிஎன்_பின்2பிஎன்னுக்கு நல் கொடுத்ததால் அது சாதாரண பிஎன்_நியூவால் எண்ணை உருவாக்கி, சாதாரண ஹீப்பில் 256 பைட்டை எழுதிவிட்டது. அதற்குப் பிறகு செக்யூர் என்று குறித்தால், அடுத்து அந்த எண் பெரிதாகி இடம் போதாமல் புதிதாக ஒதுக்கும்போதுதான் செக்யூர் ஹீப்புக்குப் போகும். டி எப்போதும் பெரிதாகாது. ஆக கடைசி வரை சாதாரண ஹீப்பிலேயே கிடக்கும். பிஎன்_கெட்_ஃபிளாக்ஸ் கேட்டால் மட்டும் 8 என்று பதில் வரும். சரிபார்ப்பவரையே ஏமாற்றும் பதில் இது, அதனால்தான் இந்த வரி இல்லாமல் இருப்பதைவிட இருப்பது கெடுதல். சரியான வரிசை:

டி = பிஎன்_செக்யூர்_நியூ();
பிஎன்_பின்2பிஎன்(பஃபர், 256, டி);
பிஎன்_செட்_ஃபிளாக்ஸ்(டி, பிஎன்_எஃப்எல்ஜி_கான்ஸ்ட்டைம்);
ஓப்பன்எஸ்எஸ்எல்_கிளென்ஸ்(பஃபர், 256);

கடைசி வரியை மறந்துவிடாதீர்கள். டியைப் பத்திரமாக வைத்துவிட்டு அதே 256 பைட் பஃபரில் அப்படியே கிடந்தால் என்ன பயன்?

இதற்கும் முன்பு, புரோகிராம் தொடங்கும் இடத்தில் கிரிப்டோ_செக்யூர்_மாலாக்_இனிட் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை என்றால் பிஎன்_செக்யூர்_நியூ பிழை எதுவும் சொல்லாமல் சாதாரண மாலாக்கிலிருந்து எடுத்துத் தந்துவிடும், ஃபிளாக்கும் செக்யூர் என்றே காட்டும். அளவும் மிகச்சிறிய துண்டும் இரண்டுமே இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும். 32768உம் 16உம் உங்கள் ஒரு சாவிக்குத் தாராளம். திரும்பி வருவது 0 என்றால் தோல்வி, 1 என்றால் எல்லாம் சரி. 2 என்றால் ஹீப் கிடைத்தது, ஆனால் அதைப் பூட்டிப் பாதுகாக்க முடியவில்லை. இஃப் (இனிட்(...)) என்று எழுதினால் 2உம் உண்மையாகி உள்ளே நுழைந்துவிடும். 1ஆ என்று குறிப்பாகப் பாருங்கள். 2 வந்தால் முதலில் பார்க்க வேண்டியது மெம்லாக் வரம்பு (ஒரு புரோகிராம் எவ்வளவு மெமரியைப் பூட்டி வைக்கலாம் என்பது). பழைய லினக்ஸ் கெர்னல்களில் அதன் இயல்பு மதிப்பு 64 கேபி, 5.16இலிருந்து 8 எம்பி. கன்டெய்னருக்குள் ஓட்டினால் அங்கே தனியாக யூலிமிட் வைக்க வேண்டியிருக்கும்.

செக்யூர் ஹீப் நிரம்பினால் சாதாரண ஹீப்புக்கு வழியாது, நல் வரும். இடைநிலை எண்களுக்கு பிஎன்_சிடிஎக்ஸ்_செக்யூர்_நியூ பயன்படுத்தினால் அந்தக் குளம் முழுவதும் இங்கிருந்துதான் எடுக்கும், அப்போது 32768 போதுமா என்று மறுபடி கணக்குப் போடுங்கள். பிஎன்_டியூப் மூலத்தில் செக்யூர் இருந்தால் நகலையும் செக்யூராகவே உருவாக்கும், கான்ஸ்ட்டைமை விட்டுவிடும். இந்த ஒன்று பலரைக் குழப்புகிறது: ஒரே ஃபங்ஷன், ஒரு ஃபிளாக்கைக் கொண்டுபோகிறது, இன்னொன்றைக் கொண்டுபோவதில்லை.

காஸ்ட் விஷயம். அந்தச் சாவியை வேறு த்ரெட்டும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஃபிளாக்ஸ் |= என்பது படி, மாற்று, எழுது என்ற மூன்று வேலை, அணுநிலைப் பாதுகாப்பு எதுவும் இல்லை. பொதுவில் பகிரும் எண்ணுக்கு ஃபிளாக் போடும் இடம் சாவியை ஏற்றும்போது, மற்ற த்ரெட்டுகள் பார்க்கும் முன்பு. இடையில் போட வேண்டிய கட்டாயம் வந்தால் அதற்காகத்தான் பிஎன்_வித்_ஃபிளாக்ஸ் இருக்கிறது:

எல்_டி = பிஎன்_நியூ();
பிஎன்_வித்_ஃபிளாக்ஸ்(எல்_டி, டி, பிஎன்_எஃப்எல்ஜி_கான்ஸ்ட்டைம்);
பிஎன்_மாட்_எக்ஸ்ப்(விடை, எம், எல்_டி, என், சிடிஎக்ஸ்);
பிஎன்_ஃப்ரீ(எல்_டி);

இது இலக்கங்களைப் பிரதி எடுப்பதில்லை. எல்_டியின் பாயின்டர் டியின் இலக்கங்களையே காட்டும், கூடவே ஸ்டாட்டிக் டேட்டா ஃபிளாக்கும் விழும், அதனால் எல்_டியை விடுவிக்கும்போது டியின் இலக்கங்களுக்கு எதுவும் ஆகாது. கட்டுப்பாடுகள் கடுமையானவை, ஒன்றைக்கூடத் தளர்த்த முடியாது. எல்_டி அப்போதுதான் பிஎன்_நியூவால் வந்த புத்தம்புது எண்ணாக இருக்க வேண்டும். பழைய எண்ணைக் கொடுத்தால் அதன் பழைய இலக்கங்களை விடுவிக்க ஆளில்லாமல் மெமரி கசியும். எல்_டியைப் படிக்க மட்டும்தான் கொடுக்கலாம், எந்த ஃபங்ஷனிலும் விடை எழுதும் இடத்தில் வரக் கூடாது. எல்_டியைப் பயன்படுத்தி, விடுவித்த பிறகுதான் டியை மறுபடி தொட வேண்டும். டி முதலில் போய்விட்டால் எல்_டி காட்டுவது காலி இடத்தை. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சொந்த ஆர்எஸ்ஏ நிரல் இந்த வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் அவர்களின் கையேடே பொது நிரல்களில் இதைத் தவிர்க்கச் சொல்கிறது.

உட்லண்ட்ஸ்_பிட்

நேர அளவீடு படிந்துவிட்டது என்றீர்கள். மகிழ்ச்சி, ஆனால் அதை மட்டும் நம்பி நிறுத்திவிடாதீர்கள். முழுக் கையெழுத்தின் நேரத்தில் தெரியாத கசிவு கேஷில் தெரியும், சிவிஇ-2016-2178 அப்படிப்பட்டது. எந்த வழியில் போகிறது என்பதை நேரடியாகப் பாருங்கள்.

டீபக் குறிகளோடு கட்டிய நூலகத்தில் ஜிடிபி டீபக்கரைத் திறந்து பிஎன்_மாட்_எக்ஸ்ப்_மான்ட்_கான்ஸ்ட்டைம் மேல் ஒரு பிரேக்பாயின்ட். கையெழுத்து ஒன்று ஓட்டுங்கள். நிற்க வேண்டும். நின்றதும் பேக்ட்ரேஸ் எடுத்து, கூப்பிட்டது உங்கள் வரிதானா என்று பாருங்கள். நூலகம் வேறு காரணத்துக்காக அங்கே வந்திருக்கவும் கூடும். இன்வர்ஸின் கிளையில்லா வடிவம் ஸ்டாட்டிக் ஃபங்ஷன், கம்பைலர் அதை உள்ளே மடித்துவிட்டால் பெயரே கிடைக்காது. அந்த ஒரு சோதனைக்கு மட்டும் ஆப்டிமைசேஷனை 0 வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

நிரலுக்குள் காவலும் வேண்டும். ரகசியம் உள்ளே போகும் ஒவ்வொரு மாட்_எக்ஸ்ப், இன்வர்ஸ் வரிக்கும் முன்னால் பிஎன்_கெட்_ஃபிளாக்ஸ் கேட்டு, 0 என்றால் பிழையோடு வெளியேறும் சிறு ரேப்பர் ஒன்று எழுதுங்கள். அஸர்ட் போதாது, ரிலீஸ் பில்டில் அது மறைந்துவிடும். யாராவது பின்னாளில் நடுவில் ஒரு பிஎன்_காப்பியைச் செருகினால் ரேப்பர் அன்றே கத்தும்.

பிஎன்_ஸ்வாப் எங்காவது பயன்படுத்தினால் பதிப்பைப் பாருங்கள். 1.1.1இல் கான்ஸ்ட்டைம் இலக்கங்களோடு சேர்ந்து இடம் மாறும். பழைய பதிப்புகளில் ஸ்வாப் செய்ததும் இரு பக்கமும் உதிர்ந்துவிடும்.

1.1.1க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது என்பதும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும். 3.0க்குப் போனால் சாவியை ஓஎஸ்எஸ்எல்_பேரம் வழியாகக் கொடுப்பீர்கள். அங்கே எண்ணில் செக்யூர் இருந்தால் பேரமும் செக்யூர் ஹீப்பில் ஒதுக்கப்படும். கான்ஸ்ட்டைம் அந்தப் பாதையில் பயணிக்காது, ஏனென்றால் போவது வெறும் பைட்டுகள். மறுபக்கம் சாவியைக் கட்டுபவரின் பொறுப்பு அது.

தெம்பனிஸ்_சி

பிரேக்பாயின்ட் நின்றது, பேக்ட்ரேஸில் எங்கள் கையெழுத்து வரிதான். இனிட் 2 திருப்பியது. கன்டெய்னரின் மெம்லாக் வரம்பைக் கூட்டியதும் 1 வருகிறது. அக்கா சொன்ன நான்கு வரிகளை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று. இன்னொரு போர்டில் லிப்ஜிகிரிப்ட் என்ற வேறு குறியாக்க நூலகம் இருக்கிறது. அங்கேயும் ஜிக்ரை_எம்பிஐ_செட்_ஃபிளாக் உண்டு. அதே கதைதானா?

செங்காங்_ஹீப்

பெயர்தான் ஒன்று போல, நடத்தை வேறு. அங்கே செக்யூர் ஃபிளாக்கைச் செட் செய்தால் எண் உண்மையிலேயே செக்யூர் மெமரிக்கு மாற்றப்படும், பிறகு அந்த ஃபிளாக்கை எடுக்க அனுமதி இல்லை. எடுப்பதற்கு ஜிக்ரை_எம்பிஐ_கிளியர்_ஃபிளாக் என்று தனி ஃபங்ஷன் இருக்கிறது. இம்மியூட்டபிள் போன்ற சிலவற்றுக்கு அது செல்லும். ஒபேக் ஃபிளாக் படிக்க மட்டும்.

இம்மியூட்டபிளை டீபக் செய்யும்போது பயன்படுத்திப் பாருங்கள், மாடுலஸ் 'என்' மேல் போட்டு வையுங்கள். அதற்குப் பிறகு யாராவது அந்த எண்ணை மாற்ற முயன்றால் மாற்றம் நடக்காது, லாக்கில் ஒரு வரி விழும். மாடுலஸைத் தவறுதலாக விடை எழுதும் இடத்தில் கொடுக்கும் பிழை அதில் உடனே மாட்டும்.